நெகட்டிவின் வாரிசு: றோ கோப்பு பிறந்து வளர்ந்த கதை

'றோ' என்று எழுதியதும் எங்கள் வாசகர்கள் பலருக்கு இந்திய உளவு நிறுவனத்தின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். நாற்பது ஆண்டு காலப் பத்திரிகைச் செய்திகள் அப்படிப் பழக்கிவிட்டன. இந்தக் கட்டுரை அந்த றோவைப் பற்றியதல்ல. டிஜிட்டல் கமராவின் உள்ளே, சமைக்கப்படாத பச்சை அரிசிபோல முதன்முதலில் சேமிக்கப்படும் மூலக்கோப்பைப் பற்றியது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் பச்சையானது, பதப்படுத்தப்படாதது என்பதே பொருள். அந்த மூலக்கோப்பை வேறொரு வடிவத்துக்கு மாற்றும்போது படத்தின் தரம் குறையுமா, குறையாதா என்ற கேள்வி தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்கு மட்டும் உரியதென்று நானும் ஒருகாலத்தில் நினைத்திருந்தேன். அண்மையில் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு அந்த எண்ணத்தை மாற்றியது.

அழைத்தவர் என்னோடு ஒரே ஆசிரியபீடத்தில் பணிபுரிந்து, பின்னர் புலம்பெயர்ந்த மூத்த படப்பிடிப்பாளர். 2003ஆம் ஆண்டில் ஏ-9 பாதையிலும் வன்னிக் கிராமங்களிலும் எடுத்த படங்களை இரண்டு இறுவட்டுக்களில் பதிந்து வைத்திருந்தார். பயணப்பெட்டியோடு நாடு நாடாகப் போன இறுவட்டுக்கள் அவை. "தம்பி, தட்டு திறக்குது. படம்தான் திறக்குதில்லை" என்றார். கமராவோடு வந்த பழைய மென்பொருள் புதிய கணினியில் இயங்கவில்லை. புதிய மென்பொருளோ கோப்பின் வகையையே அறியாததுபோல மறுத்தது. மாற்றித் தருவதாகச் சிலர் முன்வந்தார்களாம். மாற்றும்போது ஏதாவது தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. அந்தப் படங்களிலுள்ள சில வீடுகளும் தெருக்களும் இன்று இல்லை. சில மனிதர்களும் இல்லை.

அவருடைய பயம் நியாயமானதா என்பதை அறிய, சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும்.

பிலிம் காலத்தில் இந்தக் கேள்விக்கு இடமிருக்கவில்லை. இருட்டறையில் கழுவி எடுத்த நெகட்டிவ்தான் மூலம். அதிலிருந்து எத்தனை பிரதிகள் போட்டாலும், ஒன்றைக் கறுப்பாகவும் மற்றொன்றை வெளிறலாகவும் போட்டாலும், நெகட்டிவ் நெகட்டிவாகவே இருக்கும். படத்தைப் பற்றி வழக்கு வந்தால் ஆசிரியர் முதலில் கேட்பதும் அதைத்தான். நூறு ஆண்டுக்கு முந்திய நெகட்டிவையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணால் பார்க்கலாம். அதைப் பார்ப்பதற்கு எந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. இந்த இரண்டு குணங்களும், அதாவது மாறாமையும் எவரும் படிக்கக்கூடிய தன்மையும், டிஜிட்டல் யுகத்தில் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்தன. எங்கள் கதையின் சிக்கல் அந்தப் பிரிவில்தான் தொடங்குகின்றது.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் ஸ்மித் என்ற இருவர் சிசிடி எனப்படும் மின்னூட்ட இணைப்புச் சாதனத்தை உருவாக்கினார்கள். விழுகின்ற ஒளியை மின்னூட்டமாக மாற்றிச் சேர்த்து, வரிசையாக வெளியே அனுப்பும் சில்லு அது. அதற்காக 2009ஆம் ஆண்டில் பௌதிகவியலுக்கான நோபல் பரிசில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. 1975ஆம் ஆண்டில் கொடாக் நிறுவனத்தின் இளம் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் அத்தகைய சில்லொன்றை வைத்துக் கையில் தூக்கக்கூடிய டிஜிட்டல் கமராவைச் செய்தார். அதன் படத்தில் இருந்தவை வெறும் 10,000 புள்ளிகள். ஒரு படத்தை ஒலிநாடாக் கசெற்றில் பதிய 23 வினாடிகள் பிடித்தன. படம் கறுப்பு வெள்ளைதான்.

நிறம் வந்தது அதே கொடாக் நிறுவனத்தின் இன்னொரு விஞ்ஞானியால். பிறைஸ் பேயர் என்பவர் பதிவுசெய்த கண்டுபிடிப்புக்கு 1976ஆம் ஆண்டு ஜூலையில் காப்புரிமை கிடைத்தது. இன்று உங்கள் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசிவரை பெரும்பாலான கமராக்களின் அடிப்படை அதுவே என்பது குறிப்பிடத்தக்கது. சில்லிலுள்ள ஒளிக்கலங்களுக்கு நிறம் தெரியாது. எவ்வளவு வெளிச்சம் என்பது மாத்திரமே தெரியும். ஆகவே ஒவ்வொரு கலத்தின் மேலும் ஒரு நிறக்கண்ணாடியை வைத்தார் பேயர். பாதிக் கலங்களுக்குப் பச்சை, காற்பங்குக்குச் சிவப்பு, காற்பங்குக்கு நீலம். மனிதக் கண்ணின் கூர்மை பச்சைப் பகுதியில் அதிகம் என்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு.

இதிலிருந்து ஓர் உண்மை பிறக்கின்றது. கமராவின் சில்லு பதிவது படமன்று. சிவப்பு, பச்சை, நீலம் என்று சதுரங்கப் பலகைபோல மாறிமாறி நிற்கும் எண்களின் அட்டவணை. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நிறத்தின் அளவுதான் உண்மையாக அளக்கப்பட்டது. மற்ற இரண்டு நிறங்களும் அயற்புள்ளிகளைப் பார்த்துக் கணிக்கப்படுபவை. வெள்ளை எது என்பதுகூடப் பிறகு செய்யப்படும் தீர்மானமே. அந்த எண்களின் அட்டவணைதான் றோ கோப்பு. கணிப்பும் தீர்மானமும் முடிந்தபின் வருவதே நாம் படம் என்று அழைப்பது.

1991ஆம் ஆண்டில் கொடாக், நிக்கோன் எஃப்-3 கமராவின் உடலில் தனது சில்லைப் பொருத்தி டிசிஎஸ் என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. 13 இலட்சம் புள்ளிகள் கொண்ட படம். தோளில் தொங்கவிட வேண்டிய தனிப்பெட்டியில் 200 மெகாபைட் வன்தட்டு. சுருக்காமல் வைத்தால் அதில் 156 படங்கள் கொள்ளும். விலை 20,000 அமெரிக்க டொலர்களுக்கும் மேல். பத்திரிகைப் படப்பிடிப்பாளர்களுக்காகவே செய்யப்பட்ட கமரா அது. அவ்விலைக்கு அன்று எங்கள் பத்திரிகை அலுவலகங்களில் ஒரு பகுதியையே வாங்கியிருக்கலாம்.

இடப்பற்றாக்குறைக்கு 1992ஆம் ஆண்டில் வந்த ஜேபெக் தரம் தீர்வாயிற்று. அது படத்தை எட்டுக்கு எட்டு என்ற சிறு கட்டங்களாகப் பிரித்து, கண் கவனிக்காத நுட்பங்களை எறிந்துவிடும். பத்து மெகாபைட் ஒரு மெகாபைட்டாகும். ஆனால் எறிந்தது எறிந்ததுதான். திறந்து, திருத்தி, மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் போகும். அதைவிட முக்கியமானது ஆழம். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 12 பிட் றோ கோப்பில் 4,096 படிகள். 14 பிட்டானால் 16,384 படிகள். மதிய வெயிலில் நிற்கும் பெண்ணின் வெள்ளைச் சேலையிலும் அவள் பின்னாலுள்ள வீட்டின் இருண்ட திண்ணையிலும் ஒரேநேரத்தில் விவரம் இருக்கவேண்டுமானால் அந்தப் படிகள் தேவை. ஜேபெக்கில் சேலை வெறும் வெள்ளையாகவும் திண்ணை வெறும் கறுப்பாகவும் போய்விட்டால் எந்த மென்பொருளும் அவற்றை மீட்டுத்தராது.

ஆகவே தொழில்முறைக் கமராக்கள் றோ கோப்பையும் வைத்துக்கொள்ள வசதி செய்தன. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தன்தன் மொழியில் எழுதியது. நிக்கோனுக்கு என்இஎஃப். கெனனுக்கு முதலில் சிஆர்டபிள்யூ, பின்னர் சிஆர்2, 2018ஆம் ஆண்டிலிருந்து சிஆர்3. ஒலிம்பஸ், ஃபுஜிஃபிலிம், மினோல்டா, சோனி ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாதிரிகளுக்கிடையிலும் வேற்றுமை உண்டு. இலக்கண நூலை அவர்கள் வெளியிடவில்லை. படிக்கவேண்டுமானால் அவர்களுடைய மென்பொருளைத்தான் பயன்படுத்தவேண்டும்.

நிறுவனம் நிலைத்திருக்கும்வரை இது வெறும் அசௌகரியமே. ஆனால் கொனிகா மினோல்டா 2006ஆம் ஆண்டில் கமராத் தொழிலை விட்டு விலகியது. கொன்ராக்ஸ் பெயரில் கமரா செய்த கியோசேரா அதற்கு முன்னரே விலகியிருந்தது. டிஜிட்டல் கமராவைப் பெற்ற தாயான கொடாக் நிறுவனமே 2012ஆம் ஆண்டு ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. மொழியைப் பேசியவன் போய்விட்டால் அம்மொழியில் எழுதிய ஏட்டை யார் படிப்பது?

இந்த இடத்தில் ஒரு தனிமனிதர் வருகின்றார். அமெரிக்காவைச் சேர்ந்த டேவ் கொஃபின் என்ற மென்பொருளாளர் 1997ஆம் ஆண்டில் டிசிறோ என்ற சிறு நிரலை எழுதத் தொடங்கினார். எந்தக் கமராவின் றோ கோப்பையும் எந்தக் கணினியிலும் படிக்கவேண்டும் என்பதே இலக்கு. நிறுவனங்களின் உதவி பெரிதாக இல்லை. மாதிரிக் கோப்புகளை வைத்து, கல்வெட்டுப் படிப்பவர்கள் எழுத்தெழுத்தாக அறிவதுபோல ஒவ்வொரு வடிவத்தையும் அவிழ்த்தார். எழுதியதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவைத்தார். நூற்றுக்கணக்கான கமராக்கள் அந்த ஒரே நிரலுக்குள் அடங்கின. இன்று பல மென்பொருள்கள் பயன்படுத்தும் லிப்றோ என்ற தொகுப்பு டிசிறோவிலிருந்து கிளைத்தது.

2005ஆம் ஆண்டில் இந்த இழுபறி வெளிப்படையாக வெடித்தது. நிக்கோனின் டி2எக்ஸ் கமரா, தனது கோப்பில் வெள்ளைச் சமநிலை பற்றிய குறிப்பை மறைகுறியாக்கி எழுதுவது தெரியவந்தது. போட்டோஷொப்பை உருவாக்கிய சகோதரர்களில் ஒருவரான தோமஸ் நோல் இதைப் பகிரங்கமாக எதிர்த்தார். மறைகுறியீட்டை உடைத்தால் 1998ஆம் ஆண்டின் அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் தம்மீது பாயக்கூடும் என்பது அடோபி நிறுவனத்தின் தயக்கம். கொஃபின் அதை உடைத்துத் தமது நிரலில் சேர்த்துவிட்டார். பின்னர் இரு நிறுவனங்களும் ஓர் இணக்கத்துக்கு வந்தன. ஆனால் படப்பிடிப்பாளர்கள் மனதில் கேள்வி நின்றது. படத்தை எடுத்தவன் நான், அதைத் திறக்கும் சாவி மட்டும் எப்படி வேறொருவனிடம் இருக்கலாம்?

இந்தச் சர்ச்சைக்குச் சில மாதங்கள் முன்பே, 2004 செப்டம்பரில், அடோபி நிறுவனம் டிஎன்ஜி என்ற வடிவத்தை அறிவித்திருந்தது. டிஜிட்டல் நெகட்டிவ் என்பதன் சுருக்கம் அது. பெயரிலேயே நோக்கம் தெரிகின்றது. 1986ஆம் ஆண்டிலிருந்து அச்சுத்தொழிலில் வழங்கிவந்த டிஃப் வடிவத்தின் எலும்புக்கூட்டின் மேல் அதைக் கட்டினார்கள். இலக்கணம் முழுவதும் வெளியிடப்பட்டது. எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். மற்ற றோ கோப்புகளை இதற்கு மாற்றும் கருவியும் இலவசம். லைக்கா, பென்ராக்ஸ் போன்றவை கமராவிலேயே டிஎன்ஜி எழுதத் தொடங்கின. 2014ஆம் ஆண்டில் அன்ட்ரொயிட்டும் 2020ஆம் ஆண்டில் அப்பிளின் புரோறோவும் அதே வடிவத்தைக் கைக்கொண்டன. கெனன், நிக்கோன், சோனி ஆகியவற்றின் பெருங்கமராக்களோ தத்தம் வடிவங்களை விடவில்லை.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருவோம். மாற்றினால் தரம் குறையுமா? எதிலிருந்து எதற்கு மாற்றுகின்றோம் என்பதைப் பொறுத்தது விடை.

றோ கோப்பிலிருந்து டிஎன்ஜிக்கு, சில்லின் எண்களை அப்படியே வைத்து இழப்பற்ற சுருக்கத்தில் மாற்றினால் ஒரு புள்ளியின் அளவுகூட மாறாது. அது நடப்பது எளிய கணக்கினால். அடுத்தடுத்த நான்கு கலங்களில் 2104, 2106, 2103, 2105 என்ற எண்கள் இருப்பதாகக் கொள்வோம். முதலாவதை எழுதி, மற்றவற்றுக்குக் கூட 2, குறைய 3, கூட 2 என்று வேறுபாட்டை மாத்திரம் எழுதினால் இடம் மிச்சமாகும். திரும்பக் கூட்டிப் பார்த்தால் பழைய எண்களே வரும். ஓலைச்சுவடியில் உள்ளதைச் சுருக்கெழுத்தில் எழுதி, திரும்ப விரித்து எழுதுவதைப் போன்றது. எழுத்தின் உருவம் மாறும், சொல் மாறாது.

றோவிலிருந்து 16 பிட் டிஃப் கோப்புக்கு மாற்றுவது வேறு வகை. அங்கே நிறங்கள் கணிக்கப்பட்டு, வெள்ளை எது என்பது தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. அதற்குப்பின் எத்தனை தடவை சேமித்தாலும் இழப்பில்லை. ஆனால் அந்தக் கணிப்பை அவிழ்த்து மூலத்துக்குத் திரும்பமுடியாது. நாளை இதைவிடச் சிறந்த கணிப்புமுறை வந்தால் அதன் பயனும் கிடைக்காது. அளவும் பெரிது. 24 மெகாபிக்சல் படமொன்றின் 14 பிட் எண்கள் சுருக்காமல் 42 மெகாபைட். அதே படம் மூன்று நிறங்களோடு 16 பிட் டிஃப் ஆகும்போது 144 மெகாபைட். பருமன் கூடியதால் தகவல் கூடியதென்று எண்ணிவிடக்கூடாது. ஜேபெக்குக்கு மாற்றுவது பற்றி மேலே சொல்லியாயிற்று. அச்சுக்கும் இணையத்துக்கும் அது போதும். மூலமாக வைத்திருக்க உதவாது.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, டிஎன்ஜி என்ற பெயர் மட்டும் போதாது. 2012ஆம் ஆண்டிலிருந்து அதற்குள்ளேயே இழப்புள்ள சுருக்கமும் உண்டு. மாற்றும் கருவியில் அந்தத் தெரிவு அடையாளமிடப்படாமல் இருப்பதைப் பார்த்துக்கொள்ளவேண்டும். நிறம் கணித்தபின் எழுதப்படும் வகையும் உண்டு. அதுவும் மூலமன்று. இரண்டாவது, கமரா நிறுவனங்கள் கோப்பின் மூலைமுடுக்குகளில் எழுதிவைக்கும் இரகசியக் குறிப்புகள் எல்லாம் மாற்றத்தில் பொருளோடு வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. நிறுவனங்களின் சொந்த மென்பொருள்கள் பொதுவாக டிஎன்ஜியைத் திறப்பதுமில்லை. இதற்காகவே பழைய கோப்பை முழுமையாகப் புதிய கோப்பின் வயிற்றுக்குள் வைத்து மூடும் வசதி அந்தக் கருவியில் உள்ளது. பருமன் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வேண்டிய நாளில் பழையதை வெளியே எடுக்கலாம்.

றோ என்றாலே முழுமையானது என்றும் நம்பிவிடக்கூடாது. சோனி கமராக்கள் நீண்டகாலம் இழப்புள்ள சுருக்கத்திலேயே றோ கோப்பை எழுதின. படப்பிடிப்பாளர்களின் எதிர்ப்புக்குப்பின் 2015ஆம் ஆண்டில்தான் சுருக்காத றோ என்ற தெரிவு வந்தது. கமராவுக்குள் எறியப்பட்டதை எந்த மாற்றமும் திருப்பித்தராது.

இவையெல்லாம் படத்தின் அழகு பற்றிய விடயங்கள் மட்டுமல்ல. எங்கள் தொழிலில் இது சாட்சியத்தின் விடயம். 2006ஆம் ஆண்டு லெபனான் யுத்தத்தின்போது, பெய்ரூட் வானத்துப் புகையைக் கணினியில் பெருக்கிய ஒரு சுயாதீனப் படப்பிடிப்பாளரின் 920 படங்களை ரொய்ட்டர்ஸ் தனது களஞ்சியத்திலிருந்து அகற்றியது. உலகப் பத்திரிகைப் படப் போட்டியில் 2013ஆம் ஆண்டின் பரிசு, காஸாவில் கொல்லப்பட்ட குழந்தைகளின் இறுதி ஊர்வலத்தைக் காட்டும் போல் ஹான்சனின் படத்துக்குக் கிடைத்தபோது, அது ஒட்டுவேலை என்ற குற்றச்சாட்டுக் கிளம்பியது. நிபுணர்கள் றோ கோப்பை எடுத்து வெளியான படத்தோடு ஒப்பிட்டார்கள். ஒளியும் நிறமும் மெருகேற்றப்பட்டிருந்தன, ஆனால் படம் உண்மையானது என்று முடிவுசெய்தார்கள். அந்தக் கோப்பு இல்லாதிருந்தால், இறந்த குழந்தைகளும் பொய்யென்றே சிலர் எழுதி முடித்திருப்பார்கள். 2015ஆம் ஆண்டில் அதே போட்டியின் இறுதிக்கு முந்திய சுற்றை எட்டிய படங்களில் 20 சதவீதம், மூலக்கோப்போடு ஒப்பிட்டபின் நிராகரிக்கப்பட்டது.

அவ்வாண்டு நவம்பரில் ரொய்ட்டர்ஸ் தனது சுயாதீனப் படப்பிடிப்பாளர்களுக்கு, றோவிலிருந்து உருவாக்கிய படங்களை அனுப்பவேண்டாம், கமராவே எழுதிய ஜேபெக்கை அனுப்புங்கள் என்று அறிவித்தது. வேகமும் நெறியும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். றோவை எடுக்கவே வேண்டாம் என்று அது சொல்லவில்லை. ஆனால் செய்தியறையின் அவசரத்தில் அந்த வேறுபாட்டை எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பார்கள்? அனுப்புவதற்கு ஜேபெக், வைத்திருப்பதற்கு றோ. என் அபிப்பிராயத்தில் இரண்டும் வேண்டும்.

நண்பரின் இறுவட்டுக்களுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். கணினித்துறையில் பணிபுரியும் அவருடைய பேத்தி பொறுப்பெடுத்தாள். முதலில் தட்டுக்களை அப்படியே பிரதியெடுத்தாள். டிசிறோவின் வழிவந்த மென்பொருளொன்று அந்தக் கோப்புகளைத் தயக்கமின்றித் திறந்தது. பின்னர் இழப்பற்ற டிஎன்ஜியாக, பழைய கோப்பையும் உள்ளே வைத்து மாற்றினாள். பழையதையும் புதியதையும் விரித்து எண்ணுக்கு எண் ஒப்பிடச் செய்தாள். வேறுபாடு பூச்சியம் என்று திரையில் வந்தபோது தாத்தா நம்பவில்லையாம். இன்னொருமுறை ஒப்பிடச் சொன்னாராம். மூலக்கோப்புகளையும் அவர்கள் அழிக்கவில்லை. இப்போது மூன்று பிரதிகள், இரண்டு நாடுகளில்.

ஒரு தட்டின் விளிம்பிலிருந்த பதினொரு கோப்புகள் மட்டும் மீளவில்லை. அங்கே வடிவம் குற்றவாளியல்ல. தட்டின் பூச்சு உரிந்திருந்தது.

1981ஆம் ஆண்டு ஜூன் முதலாம் திகதி யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்ததை அறிந்த தலைமுறை எங்களுடையது. மூலப்பிரதி அழிவதென்றால் எங்களுக்குத் தீதான் நினைவுக்கு வரும். இன்று தீ தேவையில்லை. திறக்கும் சாவி தொலைந்தால் போதும், அல்லது பத்து வருடம் ஒரு பெட்டியைத் திறக்காமல் விட்டால் போதும். உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படி ஓர் இறுவட்டு இருக்கக்கூடும். இந்த வாரம் அதை ஒருமுறை திறந்து பாருங்கள்.